தெரியாத மொழிக்கு உதவ நினைக்கிறீர்களா?

மென்பொருள்களைத் தமிழாக்கும் வேலையில் இருப்பதால், மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அழியும் நிலையில் இருக்கிற ஒரு மொழிக்குத் தன்னார்வமாக மொழிபெயர்த்துக் கொடுக்கலாமா?" நான் திருப்பிக் கேட்பேன்: அந்த மொழி உங்களுக்குப் பேச வருமா? வராது என்றால் தயவுசெய்து அதில் எழுதாதீர்கள்.

கறாராகப் பேசுகிறேன் என்று தோன்றலாம். ஸ்காட்லாந்தில் பேசப்படும், ஆங்கிலத்துக்கு நெருக்கமான ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் நடந்ததைப் பாருங்கள். அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்கப் பையன், சிறு வயதிலேயே தொடங்கி, 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதிக் குவித்திருந்தது 2020-இல் தெரியவந்தது. ஆங்கில வாக்கியத்தில் அங்கங்கே ஒரு சொல்லை மாற்றிப் போட்டதுதான் அவர் செய்த மொழிபெயர்ப்பு. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, ஆர்வக்கோளாறுதான். கிரீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவில் எந்திர மொழிபெயர்ப்பு மண்டிப்போய், 2025-இல் அதை மூடிவிடவே முடிவெடுத்தார்கள். சிறிய மொழிகளுக்கு இணையத்தில் இருக்கிற எழுத்தே கொஞ்சம். அதிலும் பிழை கலந்தால், நாளைக்கு வரும் மொழிபெயர்ப்பு எந்திரம் அந்தப் பிழையைத்தான் படித்துக்கொண்டு வரும்.

பேசுபவர்களே கையில் எடுக்கும்போது கதை வேறு. கிழக்கு இந்தியாவின் சந்தால் பழங்குடியினர் பேசும் சந்தாலி மொழிக்காக, அவர்களில் ஒருவரான ரகுநாத் முர்மு ஒல் சிக்கி எழுத்தை உருவாக்கியது 1925-இல். கணினிகள் எல்லா மொழி எழுத்துகளையும் காட்ட உதவும் பொதுத் தரமான யூனிகோடில் அது ஏற 2008 வரை ஆனது. 2018 ஆகஸ்டில் சந்தாலி விக்கிப்பீடியா வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் துளுவுக்கு வந்திருந்தது. இப்படி ஒரு விக்கிப்பீடியா தொடங்க, சோதனைத் தளத்தில் விடாமல் கட்டுரை எழுதிக் காட்ட வேண்டும். கூடவே "சேமி", "தேடு" என்று திரையில் வரும் செய்திகளையும், தன்னார்வலர்கள் மென்பொருள்களை மொழிபெயர்க்கும் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் மொழிபெயர்க்க வேண்டும்.

திரைச் செய்திதானே, அகராதியை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். "3 கோப்புகள் நீக்கப்பட்டன" என்ற செய்தியில், 3 இருக்கும் இடத்தில் நிரலுக்குள் ஒரு குறிதான் இருக்கும். அங்கே எந்த எண்ணும் வந்து உட்காரலாம். தமிழுக்கு ஒருமை, பன்மை என்று இரண்டு பெட்டிகளை நிரப்பினால் போதும். வெல்ஷ் மொழிக்கு ஆறு பெட்டிகள்! சில எண்களுக்குப் பின்னால் பெயர்ச்சொல்லின் முதல் ஒலியே மாறிவிடும். வீட்டில் அந்த மொழியைப் பேசுபவருக்கு இது தானாக வரும்.

அப்படியானால் பேசத் தெரியாதவருக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது, எதிர்த் திசையில். அந்த மொழியில் சொல்லப்பட்டதை நம் மொழிக்குக் கொண்டுவருவது. நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளை யுனெஸ்கோ, அழிந்துபோனவற்றுக்கு ஒரே ஒரு படி முன்னால் வைத்திருக்கிறது. எமனோ என்ற மொழியியலாளர் 1930-களில் அங்கே தங்கிக் கோத்தர் கதைகளைக் கேட்டு ஒலிப்பெழுத்தில் எழுதினார். ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்தே வெளியிட்டார். அதனால்தான் அந்த மொழி தெரியாதவர்களும் இன்று அவற்றைப் படிக்க முடிகிறது.

இப்போது கையில் போன் இருப்பதால் பலரும் பதிவு செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள். அதைக் கேட்டு எழுதி, தமிழில் பொருள் சொல்லும் வேலைதான் அப்படியே நின்றுபோகிறது. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கவே பல மணி நேரம் பிடிக்கும், யாருக்குப் பொறுமை இருக்கிறது? தன்னார்வலர் தேவைப்படும் இடம் இதுதான். நீலகிரியில் இந்த மொழிகளைப் பேசுபவர்கள் பலருக்குத் தமிழும் நன்றாக வரும். அப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பதிவை வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, அவர் தமிழில் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யுங்கள். ஈலான் என்ற இலவச மென்பொருளில், எந்த நொடியில் சொன்னது என்பதையும் சேர்த்தே குறிக்கலாம். தமிழ் எழுத்தை மட்டும் நம்பி ஒலிக்கோப்பை அழித்துவிடாதீர்கள். தோடர் மொழியின் உரசொலிகள் ("ஸ", "ஷ" போலக் காற்று உரசி வரும் ஒலிகள்) பலவற்றுக்கு நம்மிடம் எழுத்தே கிடையாது.

அப்புறம், அனுமதி. மற்றவர்களும் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. பதிவு செய்வதற்கு முன்பே இதைப் பேசுபவருக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள். சடங்குப் பாட்டு வெளியே போகக் கூடாது என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். அவர் தரும் ஒப்புதலை அவர் மொழியிலேயே பதிவு செய்யுங்கள். கோப்பின் ஒரு பிரதியை அவர் வீட்டுப் பிள்ளைகளின் போனிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.