அடுப்பில்லாமல் கொதிக்கும் கடல்

லட்சத்தீவின் கவரட்டியில் 2005-இல் தொடங்கிய ஓர் ஆலை, நெருப்பே இல்லாமல் கடல்நீரைக் கொதிக்கவைத்துக் குடிநீராக்குகிறது. நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் எடுப்பதற்காக அதை வடிவமைத்தது சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம்.

அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அங்கே கடலின் மேல்மட்ட நீர் சுமார் 28 டிகிரி. வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 40-இல் ஒரு பங்கே உள்ள கலத்துக்குள் அதைப் பாய்ச்சினால், கொஞ்சம் நீர் சட்டென்று ஆவியாகும். 350 மீட்டர் ஆழத்திலிருந்து வரும் 12, 13 டிகிரி நீர் ஓடும் குழாய்களில் பட்டு அந்த ஆவி நன்னீராகிறது.

ஆவியாவதற்கான வெப்பத்தை நீர் தன்னிடமிருந்தே எடுக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். 28-இலிருந்து 22 டிகிரிக்கு இறங்கும் 100 லிட்டர் கடல்நீர் சுமார் 1 லிட்டர் ஆவியைத்தான் தரும். வெற்றிடத்தைக் கூட்டி 18 டிகிரி வரை இறக்கினால் என்ன? ஆவி ஒன்றரை மடங்குக்கும் மேல் கிடைக்கும். ஆனால் ஆவிக்கும் குளிர்நீருக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு சுருங்கிவிடும். கூடுதல் குழாய்களும் கூடுதல் குளிர்நீரும் வேண்டும். ஆவியும் மேலும் பருக்கும். 22 டிகிரியிலேயே 1 கிலோ ஆவிக்கு 50,000 லிட்டருக்கு மேல் இடம் தேவை. 100 டிகிரியில் 1,700 லிட்டர் போதும். கலம் பூதாகரமாக இருப்பது இதனால்தான். போதாக்குறைக்கு, கடல்நீரில் கரைந்திருக்கும் காற்றும் வெளியேறிக் குழாய்களை மூடிக்கொள்ளும்; வெற்றிட பம்பு ஓயாமல் அதை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

350 மீட்டர் ஆழத்திலிருந்து நீரைத் தூக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று மலைக்க வேண்டாம். குழாய்க்கு வெளியே நிற்கும் கடலே அதைக் கடல்மட்டம் வரை தள்ளிவிடும். பம்பு முக்கியமாக உராய்வையும் கடல்மட்டத்துக்கு மேலுள்ள உயரத்தையும் வென்றால் போதும். ஒரே அளவு நீருக்குக் குழாயின் விட்டத்தை இரட்டித்தால் உராய்வு இழப்பு சுமார் 32-இல் ஒரு பங்காகிவிடும். அதற்காகக் கண்டபடி பெரிதாக்கவும் முடியாது: குழாய் பருக்கப் பருக்க அலையின் அடியும் கூடும். என் பார்வையில், இந்த ஆலையின் மிகக் கடினமான பகுதி கலமல்ல, அந்தக் குழாய்தான்.

வடசென்னை அனல்மின் நிலையத்தில் அமைத்த சோதனை ஆலைக்கு அந்தத் தொல்லையே இல்லை. மின் நிலையம் வெளியேற்றும் வெதுவெதுப்பான நீர்தான் அங்கே சூடான பக்கம். குளிர்விக்க மேல்மட்டக் கடல்நீரே போதும்.