பெரியாறு தண்ணீர் கண்மாய்க்கு வரவில்லையா? மனுவில் 'ஏன்' வேண்டாம்

முல்லைப் பெரியாறு குத்தகை ஒப்பந்தம் 1886-இல் போட்டது, 999 ஆண்டுக்கு. அதைக் காட்டி சிங்கம்புணரி விவசாயி கேரளாவிடம் கணக்குக் கேட்க முடியாது. அது அரசு பார்க்க வேண்டிய வழக்கு. பெரியாற்றுத் தண்ணீர் வந்து சேரும் வைகை அணையில் திறந்தது நம் மடைக்குள் எங்கே குறைந்தது என்பதை மட்டும் நாம் பிடிக்கலாம். தகவல் உரிமைச் சட்டம் (2005) அதற்குப் போதும்.

கண்மாய் யாருடையது? ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் போனால் பந்தாடுவார்கள். அலுவலகம் மாறிக் கொடுத்த மனுவையும் 5 நாளில் உரிய இடத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை, பிரிவு 6(3). திருப்பிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒப்புகையோடு தபாலில் அனுப்புவது இன்னும் நல்லது.

பலர் ஏமாறுவது ஆயக்கட்டில்தான். செட்டிநாட்டுக் கண்மாய்களில் பெரும்பாலானவை வானம் பார்த்தவை. பக்கத்தில் கால்வாய் ஓடுவதால் பங்கு வந்துவிடாது. பெரியாறு ஆயக்கட்டுப் பட்டியலில் கண்மாய் பெயர் இருக்க வேண்டும். இருந்தாலும் அவசரப்படாதீர்கள். முதல் போகத்துக்குத் திறப்பது பெரியாறு கால்வாயில் மதுரை பக்கமுள்ள கள்ளந்திரி மதகு வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்குத்தான். பேப்பரில் 'தண்ணீர் திறப்பு' என்று பார்த்து நாற்றுப் பாவினால் கருகும். அரசாணையில் உங்கள் கால்வாய் இருக்கிறதா என்று பாருங்கள்.

"ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று எழுதினால், விளக்கம் தகவலாகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, கள்ளந்திரி மதகிலும் எங்கள் கால்வாய்த் தலைமதகிலும் தினமும் பதிந்த நீர் அளவுப் பதிவேட்டின் நகல் தேவை, மூலப் பதிவேட்டை நேரில் பார்வையிடவும் வேண்டும்." 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம். அதை விடாதீர்கள், அடித்தல் திருத்தல் நேரில்தான் தெரியும்.

வினாடிக்கு 100 கன அடி ஒரு நாள் ஓடினால் 8.64 மில்லியன் கன அடி. இரண்டு மதகுக் கணக்கையும் இப்படிப் போட்டு, இடையில் மற்ற மடைகளுக்குப் பிரிந்ததைக் கழியுங்கள். கசிவு கொஞ்சம் இருக்கும். ஒரே துண்டில் திடீரென்று விழுந்தால் அங்கே மோட்டார் போட்டிருக்கிறார்களா, ஷட்டர் உடைந்திருக்கிறதா என்று நடந்து பாருங்கள். வாரம் முழுக்க ஒரே எண் என்றால் அளவுகோலை யாரும் பார்க்கவே இல்லை.

30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "சார் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்பதை நம்பி அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம். அதிலும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.