ஒதுங்க ஓர் இடம்

மழை சட்டென்று பிடித்துக்கொண்டால் "எங்கேயாவது ஒதுங்கி நில்லு" என்கிறோம். தங்குமிடம், உறைவிடம், புகலிடம் என்று சொற்கள் பல இருந்தாலும், கூரை செய்யும் வேலையைச் சரியாகச் சொல்வது இந்த 'ஒதுங்கு' என்ற சின்னச் சொல்தான் என்பேன். வெப்பத்தைப் பறித்துப் போகும் பாதையிலிருந்து உடம்பை விலக்கி வைப்பதுதான் அந்த வேலை.

கூடாரமும் போர்வையும் சூட்டை உண்டாக்குவதில்லை. அடுப்பு நம் உடம்புதான். சும்மா உட்கார்ந்திருப்பவரிடமிருந்தும் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

தோலை ஒட்டி, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இருக்கிறது. காற்று வீசும்போது அது கலைந்துவிடும். உடம்பு மறுபடியும் புதுக் காற்றைச் சூடாக்க வேண்டும். மைனஸ் 10 டிகிரி குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அது மைனஸ் 20 போல உறைக்கும். அதனால்தான் ஒரு பாறையின் மறைவில் குந்தினாலே உயிர் வந்ததுபோல இருக்கிறது. நனைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

பலரும் கவனிக்காத திருடன் வானம். மேகமில்லாத இரவில் நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை மேலே அனுப்புகிறது; வானத்திலிருந்து திரும்பி வருவது அதைவிடக் குறைவு. வெட்டவெளியில் நிறுத்திய கார் காலையில் பனித்துளியில் குளித்திருக்கும், மரத்தடியில் நின்றது காய்ந்திருக்கும். இலைகள் வானத்தை மறைத்ததுதான் காரணம். தலைக்கு மேல் ஒரு துணியைக் கட்டினாலும் இதே பலன் கிடைக்கும்.

அப்புறம் தரை. படுத்தால் உடம்புச் சூட்டை அதுவும் இழுத்துக்கொள்ளும். காட்டில் தங்க நேர்ந்தால் எல்லாவற்றையும் மேலே போர்த்திக்கொள்ளத்தான் தோன்றும். முதலில் கீழே காய்ந்த சருகை நன்றாகக் கனமாகப் பரப்புங்கள். படுத்தால் அது அமுங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இத்தனையையும் ஒன்றாகச் சேர்த்த அற்புதம், ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் இக்லூ என்னும் குடில். அதைப் பனிக்கட்டியால் கட்டுவதில்லை. காற்று வீசி இறுகிய வெண்பனியை அறுத்துக் கட்டுகிறார்கள். அந்தப் பனிக்குள் நிறையக் காற்று சிறைப்பட்டிருப்பதால் வெப்பம் எளிதில் கடப்பதில்லை. வாசல் தாழ்வாக இருக்கும், படுக்கும் மேடை உயரமாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே தங்கிவிடும். வெதுவெதுப்பான காற்று மேடைப் பக்கம் நிற்கும். வெளியே மைனஸ் 40 டிகிரி என்றாலும், உள்ளே ஆட்களின் உடம்புச் சூடும் ஒரு சிறு விளக்கும் சேர்ந்து வெப்பநிலையைப் பூஜ்ஜியத்துக்கு அருகில் நிறுத்திவிடும். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சூட்டில் கொஞ்சம் போனாலும் போகட்டும் என்று உச்சியில் ஒரு துளை விடுகிறார்கள். விளக்கின் புகை வெளியேற வேண்டும், மூச்சுக்கு நல்ல காற்று உள்ளே வர வேண்டும்.