கெர்னலுக்கு உள்ளே ஒரு டிரைவர், வெளியே ஒரு டிரைவர்

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸுக்கு மாற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "என் கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யுமா?" என்றுதான். கார்டின் விலையையும் வேகத்தையும் விட, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் எங்கே குடியிருக்கிறது என்பதே இதைத் தீர்மானிக்கிறது.

டிரைவருக்கு இரண்டு பாகம் உண்டு. கீழ்ப்பாகம், இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு சேர்ந்து ஓடும். கார்டின் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும், திரையின் அளவை அமைக்கும். மேல்பாகம் மொழிபெயர்ப்பாளர் மாதிரி. வல்கன், ஓப்பன்ஜிஎல் என்பவை கேம்கள் படம் வரையச் சொல்லும் பொது மொழிகள். ஒரு கேம் அவற்றில் கேட்பதை அந்தக் கார்டுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும். ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கு இந்த மேல்பாகம் மெசா என்ற திறந்த மூலத் தொகுப்பில் வருகிறது.

சிக்கல் பெரும்பாலும் கீழ்ப்பாகத்தில்தான். லினக்ஸ் கெர்னல் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளியில் ஒரு புதிய பதிப்பைக் காண்கிறது. அதன் உள்கட்டமைப்பு மாறாது என்று யாரும் உறுதி தருவதில்லை. டிரைவர் கெர்னலின் மூலநிரலுக்குள்ளேயே இருந்தால், உள்ளே எதையாவது மாற்றுகிறவர் அந்த டிரைவரையும் சேர்த்தே திருத்த வேண்டும். ஏஎம்டியின் இன்றைய டிரைவர் 2015-ல் 4.2 பதிப்போடு உள்ளே வந்துவிட்டது. அதனால் ஏஎம்டி வைத்திருப்பவர் எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை. கார்டு மிகப் புதியதென்றால், கெர்னலும் மெசாவும் புதியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்விடியாவின் டிரைவர் வெளியே இருக்கிறது. பல கணினிகளில் கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதன் கெர்னல் பாகத்தைப் புதிய கெர்னலுக்கு ஏற்ப மூலநிரலிலிருந்து மறுபடி தொகுக்க (compile) வேண்டும். தொகுப்பு தோற்றால், மறுநாள் காலை கறுப்புத் திரைதான். நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அந்தப் பாகத்துக்குக் கையொப்பமும் வேண்டும்.

என்விடியா கார்டுகளுக்கென கெர்னலுக்கு உள்ளேயே இருக்கும் இன்னொரு டிரைவரான நூவோவைத் தன்னார்வலர்கள் அந்தக் கார்டுகளின் நடத்தையைக் கவனித்துக் கவனித்தே எழுதினார்கள். பொறுமையான, அசாத்தியமான உழைப்பு அது. ஆனால் 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 970, 980 முதல், என்விடியாவின் கையொப்பமிட்ட ஃபெர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் சிறு மென்பொருள்) இல்லாமல் கார்டின் வேகத்தைக் கூட்ட முடியாமல் போனது. கார்டு விழித்தெழும்போது இருக்கும் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும். இத்தனை பேர் உழைப்புக்கு இப்படி ஒரு பூட்டா என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

அடுத்து வந்த என்விடியாவின் டூரிங் தலைமுறைச் சிப்புகள், முதல் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் இருப்பவை, பூட்டைக் கொஞ்சம் தளர்த்தின. அந்தச் சிப்புகளுக்குள் இருக்கும் ஒரு சிறு செயலியே மின்சாரம், வேகம் போன்றவற்றைக் கவனித்துக்கொள்ள முடியும். 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் பாகத்தின் மூலநிரலைத் திறந்தது. மேல்பாகம் இன்னும் மூடியே இருக்கிறது. நூவோவும் அதே செயலியிடம் வேலையை ஒப்படைக்கக் கற்றுக்கொண்டதால், ஆர்டிஎக்ஸ் கார்டுகள் அதில் முழு வேகத்துக்குப் போக வழி பிறந்தது. மெசாவில் அவற்றுக்கு என்விகே என்ற வல்கன் டிரைவரும் வந்துவிட்டது.

டூரிங்குக்கு முந்தைய பாஸ்கல் தலைமுறையின் ஜிடிஎக்ஸ் 1060 போன்ற கார்டுகளில் அந்தச் செயலி இல்லை. அவற்றுக்கு என்விடியாவின் 580 வரிசையே கடைசி டிரைவர், அதையே நிறுவுங்கள்.

நிறுவியதும் அமைப்புகளில் கணினி விவரப் பக்கத்தைத் திறந்து, கிராபிக்ஸ் வரியைப் பாருங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் (llvmpipe) என்றிருந்தால், கார்டு சும்மா இருக்கிறது. திரையில் தெரிவதையெல்லாம் சிபியுதான் வரைந்துகொண்டிருக்கிறது.