ஷார்ட்டேஜ்: பற்றாக்குறையா, தட்டுப்பாடா?

வேலை தேடி அலைகிறவர்கள் பெருகிக் கிடக்கும் காலத்திலும் ஒரு புலம்பல் மட்டும் ஓய்வதில்லை: “வேலை இருக்கிறது, ஆள்தான் கிடைக்கவில்லை.” செய்தியில் அது ‘லேபர் ஷார்ட்டேஜ்’ ஆகிவிடும். தமிழில் எழுதும்போது ‘தொழிலாளர் பற்றாக்குறை’ என்று போட்டுவிடுவோம். இப்படிப்பட்ட அறிக்கைகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. ஷார்ட்டேஜ் வந்த இடத்தில் எல்லாம் யோசிக்காமல் பற்றாக்குறை என்றே நானும் பல வருடம் எழுதிவந்தேன். அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். ஏனென்றால் அந்தச் சொல்லைப் படிக்கிற, வேலை இல்லாத ஒருவர், ‘ஆள் பற்றாத ஊரில்கூட எனக்கு இடமில்லையே’ என்று தன்னையே நொந்துகொள்கிறார்.

முதலில் ஆங்கிலச் சொல். ‘ஷார்ட்’ பழைய ஆங்கிலத்திலிருந்து வருவது. வெட்டுதல் என்ற பொருளுள்ள வேரோடு அதை இணைக்கிறார்கள். வெட்டியது குட்டையாகும், சரிதானே. அதோடு, லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ‘ஏஜ்’ என்ற விகுதியைச் சேர்த்து ‘ஷார்ட்டேஜ்’ உருவானது 19ஆம் நூற்றாண்டில், அமெரிக்க ஆங்கிலத்தில். பிறவியிலேயே அது ஒரு கணக்குச் சொல். கிடங்கிலும் கல்லாவிலும் இன்றைக்கும் அப்படித்தான் புழங்குகிறது: ஏட்டில் 100 மூட்டை, எண்ணினால் 96, ஷார்ட்டேஜ் 4.

மூட்டைக்கு ஏடு இருக்கிறது. ஆளுக்கு எது ஏடு? இங்கேதான் பொருளியல் ஒரு நிபந்தனை வைக்கிறது. இப்போது நடப்பிலுள்ள சம்பளத்துக்கு வேலைக்கு வரத் தயாராக இருப்பவர்களைவிட, அந்தச் சம்பளத்துக்குத் தேவைப்படும் ஆட்கள் அதிகமாக இருந்தால்தான் ஷார்ட்டேஜ். சம்பளத்தைச் சொல்லாமல் ‘ஆள் கிடைக்கவில்லை’ என்பது பாதி வாக்கியம். இன்ன சம்பளத்துக்கு, இன்ன நேரத்துக்கு, இன்ன தகுதியோடு கிடைக்கவில்லை என்று முடித்தால்தான் அது உண்மையா இல்லையா என்று பார்க்க முடியும்.

சரி, தமிழுக்கு வருவோம். பற்றாக்குறையில் இருப்பது ‘பற்று’ என்ற வினை. பிடிப்பது, ஒட்டுவது என்ற பொருள்களோடு ‘போதுமானதாக இருப்பது’ என்ற பொருளும் அதற்கு உண்டு. அதன் எதிர்மறை ‘பற்றாது’. பேச்சில் தினமும் சொல்கிற ‘பத்தாது’, ‘பத்தலை’ எல்லாம் இதுதான். துணி பத்தலை என்றால் வாங்கிய துணி முழுவதையும் வெட்டியாகிவிட்டது, இன்னும் சட்டைக் கை தைக்கத் துணி இல்லை என்று பொருள். மூலையில் நாலு முழம் மடித்து வைத்துக்கொண்டு பத்தலை என்று யாரும் சொல்வதில்லை. இருப்பதை எல்லாம் எடுத்த பிறகும் போதாமல் போவதுதான் பற்றாக்குறை.

ஆள் பஞ்சம் என்றும் எழுதுகிறார்கள். அது பேச்சில் அழுத்தத்துக்குச் சொல்வது, அறிக்கைக்கு வேண்டாம்.

தட்டுப்பாடு வேறு வகை. அகராதிகள் பற்றாக்குறைக்கு ஈடாகவே அதைத் தருகின்றன, ஆனால் உள்ளே இருக்கும் ‘தட்டு’ தடையைக் குறிப்பது. தட்டுத்தடங்கல் என்கிறோமே, அந்தத் தட்டு. பொருள் எங்கோ இருக்கிறது, வந்து சேரும் வழியில் ஏதோ தட்டுகிறது. விளைச்சல் நன்றாக இருந்தும் லாரி ஓடாததால் சந்தைக்குச் சரக்கு வராமல் போனால் அது தட்டுப்பாடு. விளைச்சலே குறைந்துவிட்டால் பற்றாக்குறை. பேச்சு வழக்கில் இந்த எல்லை அழிந்துபோயிருக்கிறது. ஆனால் நமக்கு வேண்டிய வேறுபாடு வேரிலேயே இருக்கும்போது அதை மீட்டுப் பயன்படுத்துவதில் என்ன தவறு?

உண்மையான ஆள் பற்றாக்குறை எப்படி இருக்கும் என்பதற்கு வரலாற்றில் பெரிய சான்று உண்டு. 1348இல் இங்கிலாந்துக்குள் கொள்ளைநோய் நுழைந்து மக்களை வாரிக்கொண்டு போனது. வயலில் இறங்க ஆளில்லை, மிஞ்சியவர்கள் கூலியை உயர்த்திக் கேட்டார்கள். மறுவருடமே, 1349இல், அரசர் மூன்றாம் எட்வர்டின் அரசு ஓர் ஆணை போட்டது: நோய்க்கு முன்பிருந்த கூலிக்குமேல் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. 1351இல் அதைச் சட்டமாகவே இறுக்கினார்கள். கூலியைச் சட்டம் போட்டுப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது என்றால் அது மெய்யான பற்றாக்குறை. ஆள் பற்றாத இடத்தில் கூலி ஏறும், ஏறியே ஆகும்.

இப்போது 2009க்கு, அமெரிக்கா பெரிய பொருளாதார நெருக்கடியில் சிக்கியிருந்த வருடத்துக்கு வாருங்கள். அமெரிக்காவில் தொழிலாளர் புள்ளியியல் துறை மாதாமாதம் காலிப் பணியிடங்களை எண்ணுகிறது. அந்தக் கணக்கில் ஓர் இடம் சேர வேண்டுமானால் வேலை மெய்யாகவே இருக்க வேண்டும், 30 நாளுக்குள் ஆளை அமர்த்த முடிய வேண்டும், வெளியிலிருந்து ஆள் தேடிக்கொண்டிருக்க வேண்டும். 2009இன் நடுவில் அப்படிப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் வேலையில்லாதவர்கள் 6 பேருக்கும் மேல் இருந்தார்கள். அந்த அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதம். சம்பளமோ மெதுவாகத்தான் ஏறியது. பற்றாக்குறை என்று சொல்ல இதில் என்ன இருக்கிறது?

இருந்தும் சொன்னார்கள். 2010 ஆகஸ்டில், அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் வட்டார வங்கிகளில் ஒன்றான மினியாபொலிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் அப்போதைய தலைவர் நாராயண கொச்செர்லகோட்டா, நிறுவனங்களிடம் வேலை இருக்கிறது, அதற்குப் பொருத்தமான ஆட்கள் கிடைக்கவில்லை என்று பேசினார். வட்டியைக் குறைப்பது போன்ற மத்திய வங்கியின் பணக் கொள்கையால் இதைத் தீர்ப்பது கடினம் என்பது அவர் வாதம். பிற்பாடு அவரே அந்த நிலையிலிருந்து இறங்கிவந்தார். இது பெருமைக்குரிய செயல் என்றே நான் நினைக்கிறேன். பொருளுக்கும் சேவைக்கும் தேவை பெருகப் பெருக வேலையின்மை ஒவ்வொரு வருடமாகக் குறைந்து, 2019 செப்டம்பரில் 3.5 சதவீதத்துக்கு வந்தது. பொருத்தமில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பத்து வருடத்தில் வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஒரு தேசமே புதிதாகத் தொழில் கற்றுக்கொண்டு வந்ததால் நடந்தது அல்ல அது.

அப்படியானால் முதலாளிகள் பொய் சொன்னார்களா? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. பலர் சொன்னது அவர்கள் அனுபவம்தான். பெயர் சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறேன். நெருக்கடியான ஒரு வருடத்தில், ஒரு சிறிய நிறுவனத்துக்கு விண்ணப்பங்களைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு சில வாரம் என்னிடம் வந்தது. கணக்கு எழுத ஒரே ஓர் ஆள் தேவை. விண்ணப்பம் ஒரு மேசை நிறைய வந்தது. ‘ஆள் தேவை’ என்று தொடங்கிய விளம்பரத்தில் நிபந்தனைகள்: இதே துறையில் ஐந்து வருட அனுபவம், அவர்கள் வைத்திருக்கும் அதே மென்பொருளில் பழக்கம், தற்போது பணியில் இருப்பவருக்கு முன்னுரிமை, உடனடியாகச் சேர வேண்டும். சம்பளம்: தகுதிக்கேற்ப.

மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துப் படியுங்கள். இன்றைக்கு ஒரு வேலையில் இருக்க வேண்டும், நாளைக்கே அதை விட்டுவிட்டு வர வேண்டும். அதுவும் கெட்ட காலத்தில், எவ்வளவு என்று சொல்லாத சம்பளத்துக்கு. மென்பொருள் தெரியவில்லை என்று ஒதுக்கி வைத்த கட்டுக்குள், பன்னிரண்டு வருடம் கணக்கு எழுதிய ஓர் அம்மாவின் விண்ணப்பம் இருந்தது. முந்தைய நிறுவனம் மூடிவிட்டது என்று ஓரத்தில் கையால் எழுதியிருந்தார். ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தால் அந்த மென்பொருளை அவர் பிடித்திருப்பார். மேலாளர் அந்தக் கட்டைத் திறக்கவே இல்லை. மாதக் கடைசியில் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்: “பாருங்கள், இத்தனை பேர் வேலை இல்லை என்கிறார்கள், ஒரு ஆள் கிடைக்கவில்லை.” அவர் நடிக்கவில்லை. அந்த நிபந்தனைக்கு ஆள் கிடைக்கவில்லைதான்.

அந்த மேசையில் நான் கண்டது பெரிய அளவிலும் நடக்கிறது. நெருக்கடியில், வேலையில் இருப்பவர்கள் இருக்கும் இடத்தை விட்டு நகர்வதில்லை. அமெரிக்காவில் தாமாக வேலையை விடுகிறவர்களின் மாதக் கணக்கு நெருக்கடிக்கு முந்தைய அளவில் கிட்டத்தட்ட பாதியாகச் சரிந்தது. ஆகவே ‘பணியில் இருப்பவர்தான் வேண்டும்’ என்று தேடினால் அந்தக் காலத்தில் அவர் அகப்படமாட்டார். இன்னொரு பக்கம், வேலையில்லாதவர் கூட்டம் பெருகிய பகுதிகளில் விளம்பரங்கள் கேட்கும் படிப்பும் அனுபவமும் ஏறின என்று அந்த வருடங்களின் விளம்பரங்களை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். நிறைய பேர் வருகிறார்கள் என்பதாலேயே வாசல் குறுகுகிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு சுமார் 3,000 விளம்பரங்களுக்கு 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தது. வேலையில்லாமல் இருக்கும் காலம் நீள நீள நேர்காணல் அழைப்பு குறைந்தது, அதிலும் முதல் எட்டு மாதத்தில் வேகமாக. கையில் தொழில் இருக்கிறது, சும்மா இருந்த மாதங்கள் வழியை மறிக்கின்றன. இதற்குப் பெயர் தட்டுப்பாடு என்பதைத் தவிர வேறென்ன?

மெய்யான பற்றாக்குறை நெருக்கடியிலும் சில துறைகளில் இருக்கும், அதை மறுக்கவில்லை. மருத்துவரையும் செவிலியரையும் உருவாக்க வருடக்கணக்கு ஆகும்; சம்பளத்தை இன்று இரட்டித்தாலும் நாளைக்கு முளைத்துவிட மாட்டார்கள். 2022 தொடக்கத்தில் அமெரிக்காவில் வேலையில்லாத ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டு காலியிடம் இருந்தது, சம்பளமும் வேகமாக ஏறியது. அங்கே பற்றாக்குறை என்று எழுதலாம், கை கூசாது.

ஆகவே நான் இப்போது பின்பற்றுவது இது. ஆட்களின் எண்ணிக்கையே போதவில்லை, சம்பளம் ஏறியும் இடம் நிரம்பவில்லை என்றால் ஆள் பற்றாக்குறை. ஆள் இருந்தும் நிபந்தனையோ தூரமோ சம்பளமோ குறுக்கே நிற்கிறது என்றால் ஆள் தட்டுப்பாடு. ஆளிடம் உள்ள திறனும் வேலைக்கு வேண்டிய திறனும் மெய்யாகவே ஒட்டாமல் போனால் திறன் பொருந்தாமை. எது என்று அறிக்கை சொல்லவே இல்லையென்றால், ‘ஆள் கிடைக்கவில்லை என்று நிறுவனங்கள் கூறுகின்றன’ என்று, பேச்சைப் பேசியவர் வாயிலேயே விட்டுவிடுகிறேன்.

அப்புறம் இதோடு ஒட்டி வரும் ‘வேக்கன்சி’. லத்தீனில் வெறுமையாக இருப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. விடுமுறைக்குச் சொல்லும் வெக்கேஷனும் வேக்குவமும் அதன் உடன்பிறப்புகள். காலிப் பணியிடம் என்கிறோம், அந்தக் ‘காலி’ அரபியிலிருந்து வந்து நம்மோடு கலந்துவிட்ட சொல். இலங்கைத் தமிழில் பதவி வெற்றிடம் என்பார்கள், அழகான சொல். அதிலும் ஒரு கவனம் தேவை: விளம்பரம் வந்ததாலேயே அது வெற்றிடம் ஆகிவிடாது. ஆளை அமர்த்தும் எண்ணம் இல்லாமல் பெயர்களைத் திரட்டி வைக்கப் போடும் விளம்பரங்களும் உண்டு. அவற்றை நான் ‘அறிவிப்பு’ என்று மட்டும் எழுதுகிறேன்.