கிடங்கில் தூங்கும் உதிரிபாகங்கள்

ஒரு இயந்திரம் முப்பது வருஷம் ஓடும் என்றால், அதற்கான உதிரிபாகமும் முப்பது வருஷம் கிடைக்க வேண்டும். அதில் உள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அதைச் செய்ய முதலில் எஃகில் ஒரு மோல்டு வேண்டும். பத்துச் சக்கரம் செய்தாலும் பத்தாயிரம் செய்தாலும் மோல்டுக்கு ஆகும் செலவு ஒன்றுதான். அதனால் மொத்தமாகச் செய்து கிடங்கில் அடுக்கிவிடுகிறார்கள். சில வருஷத்துக்கு ஒன்று விற்கும். மீதி அங்கேயே கிடக்கும். வாங்க ஆளில்லாத பாகத்துக்கும் இடம், காவல், கணக்கு எல்லாம் வேண்டும்.

3டி பிரிண்டிங்குக்கு மோல்டே தேவையில்லை. உலோகத்தில் செய்யும் முறை ஒன்றைப் பாருங்கள். தலைமுடியைவிட மெல்லிய அடுக்காக உலோகப் பொடியைப் பரப்புவார்கள். லேசர் பட்ட இடம் மட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். தட்டு ஒரு அடுக்களவு கீழே இறங்கும், மறுபடி பொடி, மறுபடி லேசர். இப்படி ஆயிரக்கணக்கான அடுக்குகள் சேர்ந்தால் பாகம் தயார். ஒன்றே ஒன்று செய்தாலும் நஷ்டமில்லை என்பதால், பாகத்துக்குப் பதில் அதன் வடிவம் உள்ள கணினிக் கோப்பைச் சேமித்து வைத்தால் போதும்.

2014 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஒரு ராட்செட் ஸ்பேனர் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். பூமியிலிருந்து கோப்பு மட்டும் போனது. ஸ்பேனரை அங்கேயே பிளாஸ்டிக்கில் அச்சிட்டார்கள். 2020 மார்ச்சில், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, இத்தாலியின் கியாரி மருத்துவமனையில் சுவாசக் கருவிக்கான வால்வுகள் தீர்ந்துபோயின. வழக்கமாகத் தருபவர்களால் உடனே தர முடியவில்லை. பக்கத்து ஊர்ப் பொறியாளர்கள் வால்வை அளந்து, வரைந்து, அச்சிட்டுக் கொடுத்தார்கள். எப்போது நினைத்தாலும் மனதைத் தொடும் வேலை அது.

ஆனால் விநியோகச் சங்கிலியை இன்னும் ஆழமாக மாற்றுவது வேறொன்று என்பேன். லீப் என்ற விமான எஞ்சினில் எரிபொருளைத் தெளிக்கும் நாசில், பழைய முறையில் சுமார் 20 பாகங்களை ஒட்டிச் செய்ய வேண்டியது. இப்போது அது ஒரே துண்டாக அச்சாகிறது, எடையும் 25 சதவீதம் குறைவு. இருபது பாகம் என்றால் அத்தனைக்கும் வரைபடம், ஆர்டர், சோதனை எல்லாம் தனித்தனி. ஒன்று தாமதித்தாலும் மற்றவை காத்திருக்கும். அந்தக் கண்ணிகள் அப்படியே கழன்றுவிட்டன.

சரி, அப்படியானால் கிடங்குகளையெல்லாம் மூடிவிடலாமா? முடியாது. லட்சக்கணக்கில் தேவைப்படும் பாகத்துக்கு இன்றும் மோல்டுதான் மலிவு. பாகத்தின் பயணம் குறைந்தாலும், உருகிய உலோகத்தை வாயுவால் சிதறடித்துச் செய்யும் அந்தப் பொடி எங்கிருந்தோ வந்துதான் ஆக வேண்டும். அச்சிட்ட உலோகத்தை அப்படியே மாட்டவும் முடியாது: அச்சாகும்போது பாகத்தைத் தாங்குவதற்காகச் சேர்த்து அச்சிட்ட முட்டுகளை வெட்டி, சூடேற்றிப் பதப்படுத்தி, சோதிக்க வேண்டும். ஒரே கோப்பை இரண்டு ஊர்களில் அச்சிட்டாலும் இயந்திரமும் பொடியும் மாறினால் வலிமை மாறலாம். அதனால்தான் விமானப் பாகங்களுக்கு, எந்த இயந்திரத்தில் எப்படிச் செய்தது என்பது வரை பார்த்து ஒப்புதல் தருகிறார்கள்.

அப்புறம், பழைய பாகங்கள் பலவற்றுக்குக் கோப்பே கிடையாது. அந்தப் பல்சக்கரத்தையே ஸ்கேன் செய்கிறோம் என்று வையுங்கள். ஸ்கேனரில் பதிவாவது தேய்ந்த பல்லின் அளவு. புதிதாக இருந்தபோது அந்தப் பல் எவ்வளவு இருந்தது என்று, அதோடு இணைந்து சுழலும் சக்கரத்தை வைத்து ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.