ஒரே விளக்கு, இரண்டு விடை

புறப்பட ஓடும் விமானத்தில், விமானி அறையில் மஞ்சள் விளக்கொன்று எரிகிறது. நிற்பதா, பறப்பதா? அந்த நொடியின் வேகத்தைக் கேட்காமல் எந்த விமானியும் விடை சொல்லமாட்டார்.

கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமானநிலைய ஓடுபாதையின் நீளம் 3,350 மீற்றர். சென்னைக்குப் போகும் சிறிய எயார்பஸ் ஏ320 விமானத்துக்கு அது தாராளம். 230 தொன் எடையுடன் தொலைதூரம் கிளம்பும் பெரிய ஏ330 அப்படியல்ல. அதுவும் 31 பாகை நண்பகலில் காற்று இலேசாகிவிடும். அதே எடையைத் தூக்க இன்னும் நீண்ட ஓட்டம் தேவை. 80 நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ.) வேகத்தில் அந்த விமானத்தின் இயக்க ஆற்றல் சுமார் 195 மெகாஜூல். 150 நொட்டில் அது 685, அதாவது ஏறத்தாழ 190 அலகு மின்சாரம்! அதில் பெரும்பங்கை அரை நிமிடத்துக்குள் எட்டுச் சில்லுகளின் காபன் பிரேக்குகள் வெப்பமாக விழுங்கவேண்டும்.

அதனால்தான் எயார்பஸ் நடைமுறை 100 நொட்டில் கோடு கிழிக்கிறது. அதற்குக் கீழே சிறு எச்சரிக்கைக்கும் நிற்கலாம். அதைத் தாண்டினால் தீ, எஞ்சின் செயலிழப்பு, விமானம் பறக்காது என்ற ஐயம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே. விமானியைக் குழப்பாதிருக்க, 80 நொட்டுக்குப் பின் பல எச்சரிக்கைகளைக் கணினியே அடக்கி வைத்துவிடும். ஓட்டத்தை நிறுத்துவதற்கான கடைசி எல்லையான வீ-1 வேகத்தைப் பலர் 'முடிவெடுக்கும் நேரம்' என்று எழுதுகிறார்கள், தவறு. நிற்பதற்கான முதல் செயல் அதற்குள் தொடங்கியிருக்க வேண்டும். அதுவரை தலைமை விமானியின் கை உந்துவிசை நெம்புகோலை விட்டு எடுபடாது.

1992இல் நியூயோர்க்கில் தரையைவிட்டு எழும்பிய டிடபிள்யூஏ என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானமொன்றை, பொய்யான எச்சரிக்கையை நம்பி மீண்டும் தரையிலிறக்கினார்கள். விமானம் எரிந்துபோனது, 292 பேரும் தப்பியது அதிர்ஷ்டம்.

நிறுத்துவதென்றால் தலைமை விமானி "ஸ்டொப்" என்று உரக்கச் சொல்லி நெம்புகோல்களைப் பின்னுக்கு இழுத்து, எதிர்த்திசை உந்தலைக் கொடுப்பார். இறக்கை மேலுள்ள தடுப்புத் தகடுகள் தாமாக எழும்; அதோடு தானியங்கி பிரேக் உச்சத்தில் பிடிக்கும். ஆனால் ஏ320இல் 72 நொட்டுக்குக் கீழேயே நிறுத்தத் தொடங்கினால் தானியங்கி பிரேக் வேலை செய்யாது, காலால் மிதிக்கவேண்டும். இதை மறந்தால் விமானம் சும்மா உருண்டுகொண்டே போகும். துணை விமானி வேகம் குறைகிறதா என்று பார்த்துச் சொல்லி, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அறிவிப்பார்.

நின்ற பிறகுதான் பயணிகளின் முணுமுணுப்பு: "லைட் அணைஞ்சிட்டுதாம், பிறகேன் இன்னும் எடுக்கேல்லை?" பிரேக்கின் வெப்பமானி உச்சத்தைத் தொடவே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். வெப்பம் மெல்ல மெல்லச் சில்லுக்குப் பரவும். மிஞ்சினால் சில்லிலுள்ள உருகு அடைப்பான்கள் இளகி, டயர் வெடிக்காமல் காற்றை வெளியேற்றும். ஏ320இல் 300 பாகைக்கு மேல் காட்டினால் கிளம்பவே முடியாது: சில்லுகளை உள்ளே மடக்கியபின் ஹைட்ரோலிக் எண்ணெய் கசிந்து அந்தச் சூட்டில் பட்டால், தீ பிடிக்கும்.